பாலாற்று மணற்குழியை மீண்டும் ஆறாக்குதல்: வேலூர் அருகே ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போய் வயலூர் அருகே கடலில் சேர்கிறது. 348 கி.மீ. நீளத்தில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே தண்ணீர் தெரியாது. ஆனாலும் பழைய வட ஆற்காடு மாவட்டம் இந்த ஆற்றை நம்பித்தான் குடித்தது, விதைத்தது. வெள்ளம் வந்தால் வாலாஜாபேட்டை அருகே 1858-ல் கட்டிய அணைக்கட்டு அதைக் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளுக்குத் திருப்பிவிடும். வெள்ளம் இல்லாத மாதங்களில் ஆற்று மணலுக்குள் வெட்டிய ஊற்றுக்கால்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும். ஊர் கூடி ஆண்டுதோறும் அவற்றில் சேர்ந்த மணலை வாரி, கால்களைத் திறந்துவிடுவார்கள். இந்த இரண்டாவது வழி மணலை நம்பியது. மணல் போனபோது அதுவும் போயிற்று.

இந்த ஆய்வு சொல்லும் இடம் வேலூருக்கு மேற்கே, தென்கரையில் உள்ள ஓர் ஊராட்சியை ஒட்டிய ஆற்றுப்படுகை. அங்கே ஆறு ஏறத்தாழ அரை கிலோமீட்டர் அகலம். சில ஆண்டுகள் அனுமதியுடன் மணல் குவாரி நடந்தது. அனுமதி முடிந்தபின் இரவு வண்டிகள் ஓடின. பிறகு அள்ளுவதற்கு மணல் இல்லாமல் இடம் கைவிடப்பட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016, 2020 வழிகாட்டுதல்கள் மூன்று மீட்டர் ஆழம் அல்லது நிலத்தடி நீர்மட்டம், இவற்றில் எது குறைவோ அதோடு நிறுத்தச் சொல்கின்றன. இங்கே களிமண் தட்டு வெளியே தெரியும்வரை தோண்டியிருந்தார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனது. 1903-க்குப் பிறகு இவ்வளவு பெரிய வெள்ளத்தை இந்த ஆறு கண்டதில்லை. வெள்ளம் வடிந்தபோது எதிர்க்கரையில் ஒரு தென்னந்தோப்பின் பாதியும், அதையடுத்த நிலங்களும் ஆற்றோடு போயிருந்தன. 2022 தொடக்கத்தில் ஊராட்சித் தலைவர் எங்களை அழைத்தார். ஒரு தனியார் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி கொஞ்சம் கிடைக்கும், மீதிக்கு நூறு நாள் வேலை ஆட்கள் இருக்கிறார்கள், குழியைக் குளமாக்கிச் சுற்றிலும் பூங்கா அமைத்துத் தர முடியுமா என்பது அவர் கேள்வி. எங்கள் குழுவில் நிலவடிவமைப்பாளர், கட்டுமானப் பொறியாளர், தாவரவியல் படித்த ஒரு பெண் என மூவர்.

இடத்தில் கண்டது

பங்குனி, சித்திரை மாதங்களில் அளந்தோம். குழி ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். சராசரி ஆழம் எட்டடி, ஆழமான இடத்தில் பன்னிரண்டடி. கணக்குப் போட்டால் ஒரு லட்சம் கன மீட்டர் மணல் போயிருக்கிறது, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 35,000 யூனிட். பருமணல் கன மீட்டருக்கு 200 முதல் 250 லிட்டர் வரை தண்ணீரைப் பிடித்துவைத்துத் திருப்பித் தரும். அப்படியானால் ஒவ்வொரு முறை ஆறு நனையும்போதும் இரண்டு கோடி லிட்டருக்கு மேல் சேமித்த இடம் இந்த ஒரு குழியில் மட்டும் காணாமல் போயிருக்கிறது. லாரியில் மூன்று யூனிட் ஏற்றியவர் ஏறத்தாழ இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் தங்கும் இடத்தையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போனார். ஊர்க் கூட்டங்களில் இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

குழியின் தென்சுவர் செங்குத்தாக நின்றது. அதில் ஆற்றின் பழைய கணக்கு எழுதியிருந்தது. மேலே ஓரடி சவுடு, அதாவது களி கலந்த மேல்மண். அதன் கீழே கைவிரலில் நெருடும் பருமணல், இடையிடையே கூழாங்கல் வரிசை. முழங்கை உயரத்துக்கு ஒருமுறை விரற்கடை கனத்தில் கறுத்த களிப்பட்டை, வெள்ளம் வடிந்து தேங்கிய தண்ணீர் விட்டுப்போனது அது. பட்டைகளுக்கு நடுவே இருந்த மணலைச் சித்திரை வெயிலிலும் முழங்கை ஆழம் தோண்டினால் ஈரமாக வந்தது. சுவரின் மேல்பாதியில் பஞ்சுருட்டான் குருவிகள் பொந்து குடைந்து குஞ்சுக்கு இரை கொண்டுபோய்க்கொண்டிருந்தன.

குழியின் அடியில் பச்சை நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அதில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. மாற்று நீர் கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு இந்தியத் தர நிறுவனம் அனுமதிக்கும் உச்ச வரம்பே 2,000தான். கொஞ்சம் தள்ளி, மணல் மிஞ்சியிருந்த இடத்தில் உள்ள உறைகிணற்றில் அதில் பாதிகூட இல்லை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலின் உப்பு இந்தப் பகுதி முழுக்க நிலத்தடியில் இருக்கிறது. வேலூர் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னதும் அதனால்தான். திறந்த குழியில் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உப்பை விட்டுவிடுகிறது. ஆகவே குழி நீர் கோடை ஏற ஏறக் கரிக்கிறது.

இவற்றைவிட முக்கியமாகக் கண்டவை மூன்று. எவரும் எங்களிடம் சொல்லாதவை.

முதலாவது, லாரிப் பாதை. தென்கரையிலிருந்து ஆற்றின் நடுவரை செம்மண்ணும் கிராவலும் கொட்டி, அடியில் நாலைந்து சிமென்ட் குழாய் பதித்து, ஆளுயரத்துக்குப் பாதை போட்டிருந்தார்கள். குழாய்கள் அடைத்துக் கிடந்தன. இரண்டாவது, கழிவு மேடு. மணலுக்கு மேலிருந்த சவுடும் வேரும் களியுமாக ஒதுக்கித் தள்ளிய மண், பாதை முடியும் இடத்தில் ஒரு குன்றுபோல் நின்றது, அதன்மேல் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. பாதையும் மேடும் சேர்ந்து ஆற்றின் தென்பாதியைக் கதவுபோட்டு மூடியிருந்தன. 2021 வெள்ளம் வடகரைக்குத் திரும்பித் தென்னந்தோப்பை அறுத்தது இதனால்தான் என்பதை, கரையில் சிக்கியிருந்த குப்பையின் மட்டத்தையும் அரிப்பின் கோணத்தையும் வைத்து உறுதிசெய்துகொண்டோம்.

மூன்றாவது, குழியின் மேற்கு விளிம்பு. தண்ணீர் வரும் பக்கம் அது. வெள்ளம் அந்த விளிம்பிலிருந்து குழிக்குள் விழும்போது விளிம்பை அறுக்கிறது. அறுபட்ட விளிம்பு மேற்கே நகர்கிறது. 2021 வெள்ளத்தில் மட்டும் அது முப்பது மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்ததைப் பழைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே திசையில் கொஞ்ச தூரத்தில்தான் மேல் ஊரின் குடிநீர் உறைகிணறு இருக்கிறது. அள்ளுவது நின்ற பிறகும் குழி வளர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

ஊர் கேட்டது

ஊராட்சித் தலைவர் குளம் கேட்டார். நிதி தந்தவர்கள் நடைபாதை, இருக்கை, பெயர்ப்பலகை கேட்டார்கள். விவசாயிகள் தடுப்பணை கேட்டார்கள். ஆந்திரத்தில் கட்டும்போது நாம் மட்டும் ஏன் கட்டக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஆடு மேய்ப்பவர்களுக்குக் கருவேலங்காய் வேண்டும். சில குடும்பங்களுக்கு அதே கருவேல விறகுதான் வருமானம். எதிர்க்கரைச் சுடுகாட்டுக்குப் போக ஒரு வழி எல்லோருக்கும் வேண்டும். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அங்காளம்மன் தேரும் வேடம் கட்டியவர்களும் ஆற்றுக்குள் இறங்கும் திருவிழா. அதற்குத் திறந்த மணல்வெளி வேண்டும். குவாரி வந்த பிறகு அந்த வெளி சுருங்கி, கூட்டம் குழி விளிம்பில் நெருக்கியடித்து நின்றது என்று பலரும் சொன்னார்கள்.

ஊரில் கிணறுகளுக்கு உறை இறக்கும் வேலை பார்த்த பெரியவர் ஒருவரோடு ஆற்றில் நடந்தோம். எங்கே ஊற்று எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும். குளம் என்ற யோசனையைச் சொன்னதும் நின்றுவிட்டார். "மேலதான் சார் காஞ்சி கீது. கீழ ஓடிகினுதான் கீது. அத்த தொறந்து காட்டுனா வெயிலு குடிச்சிடும். மணலு மூடிகினு இருந்தா அது பாட்டுக்கு நிக்கும்." இதற்குக் கணக்கும் உண்டு. இந்தப் பகுதிக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் ஆவியாகிவிடும். நீர்மட்டம் மணலுக்குள் இரண்டடிக்குக் கீழே இருந்தால் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆறு தன் தண்ணீரை மணலில் வைத்திருந்த காரணம் இதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குளம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நிற்கும் நீர் உப்பேறும், ஆவியாகும். பன்னிரண்டடிச் செங்குத்துக் குழியில் குழந்தைகள் இறங்கினால் ஏற முடியாது. மணல் குழிகளில் பிள்ளைகள் மூழ்கிப்போகும் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. ஆற்றின் நீரோட்டத்துக்குள் கட்டும் படித்துறையும் நடைபாதையும் அடுத்த பெருவெள்ளத்தில் நிற்காது. நின்றால் அது இன்னும் மோசம், லாரிப் பாதை செய்ததையே அவையும் செய்யும்.

தலைவருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுத வேண்டும்: "குளம்னு சொன்னாத்தான் சார் சனம் கேக்கும். மணல் வரும்னு சொன்னா, வந்த மணலை யாரு எடுத்துக்குவான்னுதான் கேப்பாங்க." அவர் பயந்தது பின்னால் நடந்தது. ஆனாலும் பெரியவரை கிராம சபையில் பேசவைத்த பிறகு, வேலையின் நோக்கம் மாறியது: குழியை மணலால் ஆறே நிரப்பிக்கொள்ளும்படி செய்வது, அதுவரை குழி வளராமல் தடுப்பது.

தடுப்பணையையும், மணலுக்குள் ஓடும் ஊற்றை மறிக்கும் தரைகீழ்ச் சுவரையும் விட்டுவிட்டோம். அணை கட்டினால் முதலில் வந்து படிவது நுண்ணிய வண்டல். அது குழியின் அடியை மெழுகிவிடும், தண்ணீர் இறங்காது. தரைகீழ்ச் சுவர் மேலிருந்து வரும் உப்பு நீரைத் தேக்கும், கீழ் ஊரின் உறைகிணறுகளுக்குப் போகும் ஊற்றைக் குறைக்கும். இரண்டும் ஒரு ஊராட்சி தனியாக எடுக்கக்கூடிய முடிவுகளும் அல்ல. ஆற்றுப் புறம்போக்கில் சிறு வேலைக்கும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கட்டுமானம் இல்லாமல், நீரோட்டத்தைத் தடுக்காமல் திட்டம் போட்டதால் அது கிடைப்பது எளிதாயிற்று.

செலவில் முதலிடம் லாரிப் பாதையையும் கழிவு மேட்டையும் அகற்றுவதற்கு. இந்த வடிவமைப்பில் மிகப் பெரிய வேலை எடுத்தெறியும் வேலைதான் என்பதை நிதி தந்தவர்களுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் ஆற்றின் தென்பாதி திறக்காவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. பாதையின் கிராவலைக் கரைமேல் சுடுகாட்டு வழிக்குப் பயன்படுத்துவது என்றும், மேட்டுச் சவுட்டைக் குழியின் பக்கச் சுவர்களைச் சரிவாக்க இடுவது என்றும் பிரித்தோம். குழியின் அடியில் ஒரு கூடை சவுடுகூடப் போடக் கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்தோம்.

மேற்கு விளிம்பைச் சீவி, எட்டுக்கு ஒன்று சரிவாக்கி, அதன்மேல் பெருங்கற்கள் பரப்புவது அடுத்தது. சிமென்ட் பூசவில்லை. கீழே அரித்தால் கற்கள் தாமாகச் சரிந்து அந்த இடத்தில் அமர வேண்டும்; பூசிய கல் அப்படி அமராது, அடியில் பொந்து விழுந்து ஒருநாள் மொத்தமாக உடையும்.

குழியின் மேற்குப் பாதியில் முழங்கால் உயரப் படல்கள், ஆற்றுக்குக் குறுக்காக, இடைவெளி விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் படல் வரும்படி. வெட்டிய சீமைக்கருவேலக் கழிகளை முளைவிடாதபடி நன்றாகக் காயவைத்து முளையடித்து, இடையே மிலாறு என்னும் மெல்லிய கிளைகளைப் பின்னினோம். படலுக்குப் பின்னால் வெட்டிவேர், நாணல், தருப்பை. வெள்ளத்தின் வேகம் கொஞ்சம் தளர்ந்தால் மணல் இறங்கிவிடும். வண்டல் தங்காமல் கடந்துபோகும். உயரம் முழங்காலைத் தாண்டக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். உயர்த்தினால் வண்டலும் தங்கும்.

மரங்களைப் படுகைக்குள் வைக்கவில்லை. கரையின் மேல்தட்டில் மட்டும் நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, கரையோரம் பனங்கொட்டை. மயானக் கொள்ளை நடக்கும் பகுதியில் எதுவும் நடவில்லை. லாரிப் பாதை போன இடம் அதற்குத் திரும்பக் கிடைத்தது. பஞ்சுருட்டான் பொந்துகள் இருந்த தென்சுவரில் முப்பது மீட்டரைச் சீவாமல் விட்டோம். நீரோட்டம் மோதாத மூலை அது, மேலே முள்வேலி போட்டால் போதும்.

வேலை நடந்த விதம்

ஆனி தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிக்கத் திட்டம். ஜேசிபி வேலை ஆடிக்குள் முடிந்தது. படல் பின்னுவதும் புல் நடுவதும் நூறு நாள் வேலைப் பெண்கள் செய்தது. முதலில் எங்கள் படத்தின்படி நேர்க்கோட்டில் முளையடித்தார்கள். அவர்களில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா, வெள்ளம் வடியும்போது தண்ணீர் எப்படி வளைந்து போகும் என்று காலால் மணலில் கோடு கிழித்துக் காட்டினார். வரிசைகளை அந்தக் கோட்டுக்கு ஏற்ப வில்போல் வளைத்தோம். அவரே எங்கள் தாவரவியலாளரிடம் சொன்னார்: "வெட்டிவேர ஆடு அவ்ளோவா துன்னாதும்மா. அந்த நாணக் குருத்த மட்டும் வுடாது." அதனால் நாணலை நடுவரிசைகளுக்கு நகர்த்தினோம், ஓரங்களில் வெட்டிவேர் வைத்தோம்.

கருவேலத்தை முழுதாக அகற்ற ஊராட்சி ஏலம் விடலாம் என்றது. விறகுக் குடும்பங்களுக்கு அது இடியாக இருந்திருக்கும். கழிவு மேட்டிலும் குழிக்குள்ளும் இருந்ததை மட்டும் வேரோடு எடுத்து, படலுக்குப் போக மிஞ்சியதை அந்தக் குடும்பங்களுக்கே கொடுத்தார்கள். கரையோரக் கருவேலத்தில் அந்த ஆண்டு கைவைக்கவில்லை.

வெள்ளம் வந்தபின்

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது வேலூர்ப் பக்கம் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வந்தது. 2021 அளவுக்கு இல்லை. எங்களுக்கு அது நல்ல அளவு. பெருவெள்ளமாக இருந்திருந்தால் புல் வேர்பிடிக்கும் முன்பே எல்லாம் போயிருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். நீரோட்டம் தென்பாதியிலும் பரவியிருந்தது. வடகரையில் புதிய அரிப்பு இல்லை. மேற்கு விளிம்பு ஓரிடம் தவிர நகரவில்லை. அந்த ஓரிடத்தில் மண்ணுக்குள் விட்டுப்போன கருவேல வேர்க்கட்டை பிடுங்கிக்கொண்டு கிளம்பி, சுற்றியிருந்த கற்கள் சரிந்து பள்ளத்தில் அமர்ந்திருந்தன. மேலே கல் சேர்த்தால் போதும் என்ற நிலை. படல்களில் இரண்டு வரிசை காணவில்லை. மற்றவற்றின் பின்னால் மணல்.

குழியின் மேற்கு மூன்றிலொரு பகுதியில் சராசரி முழங்காலுக்குக் கொஞ்சம் குறைவாகப் புது மணல் படிந்திருந்தது. கையில் அள்ளினால் கழுவிய மணல், களி ஒட்டவில்லை. குழியின் கிழக்குக் கோடியில் வேறு கதை: வண்டல் ஒரு சாண் படிந்து, தை மாதத்தில் பாளம்பாளமாக வெடித்திருந்தது. மொத்தத்தில் சேர்ந்த மணல் ஐயாயிரம் கன மீட்டர் அளவு, போனதில் இருபதில் ஒரு பங்கு. இதே அளவில் வந்தால் குழி நிரம்ப இப்படிப்பட்ட வெள்ளம் இருபது வேண்டும். பாலாற்றில் அது ஆண்டுதோறும் வருவதில்லை. ஒரு தலைமுறையின் வேலை இது என்று கிராம சபையில் அப்போதே சொன்னோம். மணல் அனுமதிக்குப் பரிந்துரைக்கும் முன் ஆற்றில் எவ்வளவு மணல் திரும்பி வருகிறது என்று ஆய்வு செய்யச் சொல்லும் விதி காகிதத்தில் இருக்கிறது. இந்த ஒரு குழியின் கணக்கைப் பார்த்தாலே அந்த விதியின் எடை தெரியும்.

இரண்டு கோடைக்குப் பிறகு

மணல் வந்ததும் மாட்டு வண்டி வந்தது. தலைவர் முன்பே சொன்னது. லாரிப் பாதை இல்லாததால் லாரி இறங்க முடியவில்லை, ஆனால் வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரவில் வந்து படலுக்குப் பின்னாலிருந்த கழுவிய மணலைத்தான் குறிவைத்து அள்ளினார்கள். படலில் ஒரு வரிசை அப்படித்தான் போனது, வெள்ளத்தில் அல்ல. வண்டி ஓட்டியவர்களில் இருவர் அதே ஊர்க்காரர்கள், வேறு வேலை இல்லாதவர்கள். ஊராட்சி புகார் எழுதியது; கரையிறங்கும் இரண்டு இடங்களில் பள்ளம் வெட்டிப் பெருங்கல் வைத்தது. அதைவிடப் பலித்தது, அந்த இருவரையும் கரை மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி வேலைக்கு எடுத்தது. அள்ளுவது முழுதாக நிற்கவில்லை, குறைந்தது.

வெட்டிவேர் நன்றாகப் பிடித்தது. நாணல் நடுவரிசைகளில் ஆளுயரம் வளர்ந்தது. தருப்பை பெரும்பாலும் காய்ந்துவிட்டது. கரையில் வைத்த கன்றுகளில் புங்கனும் நீர்மருதும் நின்றன; இலுப்பை பாதிக்குமேல் போய்விட்டது. மாட்டுச் சாணத்தில் வந்த விதையிலிருந்து கருவேலம் படுகையில் மறுபடி முளைத்தது. கையால் பிடுங்கும் உயரத்திலேயே எடுக்கிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை.

பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது. நிதி தந்தவர்கள் அதைத் திட்டத்தின் வெற்றியாக எழுத விரும்பினார்கள். நாங்கள் மறுத்தோம். 2021-ம் 2022-ம் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகள், ஆற்றோரக் கிணறுகள் குழி இல்லாத ஊர்களிலும் ஏறின. இங்கே ஏறியதில் புது மணலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, வறண்ட ஆண்டு ஒன்றில் இந்த ஊர்க் கிணறுகளையும் குழி இல்லாத ஊர்க் கிணறுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு: விளிம்பு நிற்கிறது, மேல் ஊரின் உறைகிணறு தப்பியது, வடகரை அரிப்பு நின்றது, மயானக் கொள்ளைத் தேர் பழைய இடத்தில் நிற்கிறது, செங்குத்துச் சுவர் போனதால் பிள்ளைகள் இறங்கி ஏறும் சரிவு வந்திருக்கிறது. பஞ்சுருட்டான்கள் மாசியில் அதே முப்பது மீட்டர் சுவருக்குத் திரும்பின.

எதிர்பாராத ஒரு குறை கீழ் ஊரிலிருந்து வந்தது. "உங்க குழி எங்க மணலைப் புடிச்சிக்குது" என்றார் அந்த ஊர் விவசாயி ஒருவர். அவர் சொன்னது சரி. குழியில் இறங்கும் ஒவ்வொரு கூடை மணலும் கீழே போயிருக்க வேண்டியது. ஆனால் குழி திறந்தே கிடந்தாலும் அது மணலைப் பிடிக்கும், கூடவே மேலே அரித்துக்கொண்டும் போகும். அவரை அழைத்துக் காட்டியபோது இதை ஏற்றுக்கொண்டார், மனம் நிறைந்து அல்ல.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மேல் ஊர், கீழ் ஊர் இரண்டையும் முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். ஆற்றின் ஒரு துண்டை ஒரு ஊராட்சியின் எல்லைக்குள் வைத்து வடிவமைக்க முடியாது.

கூலியின் ஒரு பகுதியை முதல் ஆண்டுக்கு மேலும் ஒதுக்கிவைக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கல் சேர்ப்பது, போன படலைக் கட்டுவது, முளைத்த கருவேலத்தைப் பிடுங்குவது ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் வரும் வேலைகள். இங்கே அதற்குப் பணம் இல்லாமல் ஊராட்சி தன் கையிலிருந்து போட்டது. அந்தக் காலத்தில் ஊற்றுக்காலுக்கு ஊர் ஆண்டுதோறும் ஆள் அனுப்பியது. இப்போது அந்த ஏற்பாட்டுக்கு ஈடாக வேறொன்று திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

குழியின் கிழக்குக் கோடியில் வண்டல் தேங்குவதைத் தடுக்க, அங்கே வடியும் வழியைத் தாழ்வாகச் சீவி வைக்க வேண்டும். விளிம்பில் கல் பரப்பும் முன் வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுத்தாக வேண்டும். இலுப்பை, தருப்பைக்குப் பதில் அந்தந்தக் கரையில் தானாக நிற்பவற்றிலிருந்தே விதையும் கரணையும் எடுக்க வேண்டும்.

மணல் படிவதை அளக்க, குழிக்குள் அடிக்கணக்கு எழுதிய கல்தூண்கள் நட வேண்டும் என்று இரண்டாம் ஆண்டுதான் முடிவானது. இப்போது நான்கு தூண்கள் நிற்கின்றன. வெள்ளம் வடிந்த வாரத்தில் மேல் ஊர், கீழ் ஊர் ஆட்கள் இருவர் உடன்வர, பணித்தளப் பொறுப்பாளர் அளவு எடுத்துக் கிராம சபைப் பதிவேட்டில் எழுதுகிறார். இரவு வண்டி குறித்த அடுத்த புகாரோடு ஊராட்சி இணைத்தது அந்தப் பதிவேட்டின் நகலைத்தான்.